இரண்டு தடவை களவுபோன வரைபடம்

2003 செப்டெம்பர் கடைசி வாரம், நியூயோர்க். ஐ.நா. பொதுச்சபைக்கு வந்திருந்த பாகிஸ்தான் ஜனாதிபதி பர்வேஸ் முஷாரப்பை அவர் தங்கியிருந்த ஹோட்டலில் சந்திக்க சிஐஏ தலைவர் ஜோர்ஜ் டெனட் வருகிறார். அதற்கு நேரம் கேட்டவர் அமெரிக்க ஜனாதிபதி புஷ். விஷயம் பாரதூரமானது, உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் மிக முக்கியமானது என்று மட்டும் முஷாரப்பிடம் சொல்லி வைத்திருந்தார். டெனட் வந்தார், சில தாள்களை எடுத்து முன்னால் வைத்தார். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையநீக்கி இயந்திரத்தின் வரைபடங்கள். பாகிஸ்தானின் பி-1 மாதிரி. பாக இலக்கம், திகதி, கையொப்பம் எல்லாம் அப்படியே இருந்தன. பாகிஸ்தானில் பூட்டுக்குள் இருக்க வேண்டிய தாள்கள் அமெரிக்க உளவுத் தலைவரின் கையில்.

உளவுக் கதை என்றால் நமக்குப் பழகிப்போன காட்சி வேறு. பழைய கூட்டாளி துப்பாக்கியோடு நிற்பான், நாயகன் "நீயா இப்படி" என்பான், பக்கத்தில் குண்டு ஒன்று நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். இங்கே யாரும் குரலைக்கூட உயர்த்தவில்லை. முஷாரப் 2006இலும் டெனட் 2007இலும் தத்தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார்கள். அந்த அறையில் நடந்தது பற்றி இருவருக்கும் பெரிய முரண்பாடு இல்லை. தன் வாழ்க்கையின் மிகச் சங்கடமான நேரங்களில் ஒன்று என்கிறார் முஷாரப். டெனட் சொல்வதன்படி அவர் சில கேள்விகள் கேட்டார், நன்றி சொன்னார், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

என் கவனம் போவது குற்றச்சாட்டை டெனட் வைத்த விதத்தில். பாகிஸ்தான் அணுவாயுதத் தொழில்நுட்பம் விற்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஏ.கியூ. கான் (பாகிஸ்தானின் செறிவூட்டல் ஆய்வுகூடத்தை நடத்திய விஞ்ஞானி) உங்கள் நாட்டுக்குத் துரோகம் செய்கிறார், உங்கள் இரகசியங்களைத் திருடி விற்றிருக்கிறார் என்றார். எதிரிக் கூண்டில் நிற்க வேண்டியவரை முறைப்பாட்டுக்காரரின் கதிரையில் உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார். அதற்குப் பிறகு நடந்த நல்லது, நடக்காமல் போன நல்லது எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கதிரைதான் என்பது என் வாசிப்பு.

கொழும்பில் இருந்துகொண்டு இதை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். இந்த இரகசியங்களை விற்ற கானின் வலையமைப்பின் கணக்கு வழக்கைக் கையில் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டவர் ஓர் இலங்கையர். 2004 பெப்ரவரி 11 அன்று வோஷிங்டனில் பேசிய புஷ், டுபாயில் கணினிக் கொம்பனி நடத்திய பி.எஸ்.ஏ. தாஹிரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கானின் உதவியாளர், வலையமைப்பின் நிதிப் பொறுப்பாளர், பணச்சலவை செய்தவர் என்றார். இங்கே அதைப் பெரிதாகக் கவனிக்க நேரம் இருக்கவில்லை. நான்கு நாட்களுக்கு முன்னர்தான் சந்திரிகா பாராளுமன்றத்தைக் கலைத்திருந்தார். மார்ச் பிறந்ததும் கருணாவின் பிளவு வந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பத்திரிகை விரித்தவர்களுக்கு வாசிக்க வேறு விஷயம் நிறைய இருந்தது.

முதல் களவு

அப்துல் காதிர் கான் 1936இல் போபாலில் பிறந்தவர். மேற்கு பெர்லினிலும் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலும் பெல்ஜியத்தின் லூவெனிலும் படித்த உலோகவியலாளர். 1972இல் அம்ஸ்டர்டாமில் எஃப்டிஓ என்ற ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிரித்தானியா, மேற்கு ஜேர்மனி, நெதர்லாந்து மூன்றும் கூட்டாக நடத்திய யுரென்கோ என்ற யுரேனியச் செறிவூட்டல் நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்து கொடுத்த இடம் அது. 1974 மே 18 அன்று இந்தியா அணுச்சோதனை நடத்தியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கான் பாகிஸ்தான் பிரதமர் பூட்டோவுக்குக் கடிதம் எழுதினார். அதே காலப்பகுதியில்தான் நெதர்லாந்தின் அல்மெலோவில் இருந்த யுரென்கோ ஆலைக்கு அவரை 16 நாட்கள் அனுப்பினார்கள். எதற்கு? ஜேர்மன் மொழியில் இருந்த ஜி-2 என்ற மையநீக்கியின் குறிப்புகளை டச்சு மொழிக்கு மாற்றிக் கொடுக்க. பூட்டை உடைக்கவோ இருட்டில் படமெடுக்கவோ தேவையே வரவில்லை. சம்பளம் கொடுத்து, மேசை கொடுத்து, வாசிக்கச் சொன்னார்கள்.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஃபிரிட்ஸ் வேர்மன். கானுடன் ஒரே அறையில் வேலை செய்த தொழில்நுட்பவியலாளர், படமெடுப்பதும் அவர் வேலை. கானின் வீட்டில் சாப்பிடும் அளவுக்கு நெருக்கம். அப்படிப் போன வீட்டில்தான், வெளியே வரக்கூடாத வரைபடங்கள் கிடப்பதைக் கண்டார். மேலிடத்தில் சொன்னார். யாரும் அசையவில்லை. 1975 டிசெம்பரில் கான் விடுமுறையென்று பாகிஸ்தான் போனார், திரும்பி வரவில்லை. போன பிறகும் வேர்மனுக்குக் கடிதம் எழுதி இயந்திர விபரம் கேட்டார். பழைய நண்பனிடமிருந்து வந்த அந்தக் கடிதங்களையும் வேர்மன் மேலிடத்தில் காட்டினார். கடைசியில் வேலை போனது வேர்மனுக்கு. கூட்டாளியை உண்மையாகவே எதிர்கொண்ட ஒரே ஆள் என்று இந்தக் கதை முழுவதிலும் தேடினால் அவர்தான் அகப்படுகிறார். அவர் உளவாளியும் இல்லை.

1983இல் டச்சு நீதிமன்றம் கான் இல்லாமலேயே விசாரித்து 4 ஆண்டு சிறை விதித்தது. அழைப்பாணை முறையாகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்று 1985இல் அதுவும் கழன்று போனது. இதற்கும் மேலே ஒன்று: கானைப் பிடிக்காமல் விடுங்கள், நாங்கள் பின்தொடர்கிறோம் என்று சிஐஏ கேட்டதாக நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் ரூட் லுபர்ஸ் 2005இல் வெளிப்படையாகச் சொன்னார்.

இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் யுரேனியம்-235 சுமார் 0.7 சதவீதம்தான். குண்டு செய்ய அதைக் கிட்டத்தட்ட 90 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டும். யுரேனியத்தை வாயுவாக்கி, மெல்லிய உருளைக்குள் விட்டு, நிமிடத்துக்கு 60,000 சுற்றுக்கு மேல் சுழற்றினால் பாரம் கூடியது ஓரத்துக்கு ஒதுங்கும், பாரம் குறைந்தது நடுவில் தங்கும். ஓர் இயந்திரம் செய்யும் பிரிப்பு மிகமிகக் கொஞ்சம். ஆயிரக்கணக்கில் தொடராகப் பூட்ட வேண்டும். அதனால் இந்த ஆயுதத்தைப் பெட்டியில் போட்டுத் திருட முடியாது. திருடக்கூடியது வரைபடம், அப்புறம் எந்தப் பாகத்தை ஐரோப்பாவில் யார் செய்து தருவார் என்ற பட்டியல். கான் இரண்டையும் கொண்டுபோனார். பட்டியல்தான் பெறுமதி கூடியது என்பேன். வரைபடத்தைப் பார்த்து அழகான உருளை வார்க்கலாம். அந்த வேகத்தில் சுழன்று வெடிக்காமல் நிற்கும் உருளைக்கு, சரியான உலோகத்தைச் சரியான ஆளிடம் வாங்க வேண்டும்.

கூட்டாளி, ஆகாதவன், மறுபடியும் கூட்டாளி

1979 ஏப்ரலில், செறிவூட்டல் வேலை நடக்கிறது என்று சொல்லி, கார்ட்டர் அரசு பாகிஸ்தானுக்கான உதவியை நிறுத்தியது. டிசெம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் வந்தது. 1981இல் ரேகன் அரசு 3.2 பில்லியன் டொலர் உதவியோடு வந்து நின்றது. பாகிஸ்தானிடம் அணுவாயுதம் இல்லை என்று ஜனாதிபதி ஆண்டுதோறும் சான்று கொடுத்தால்தான் உதவி என்று 1985இல் சட்டம் வந்தது. சான்றும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. 1989இல் சோவியத் படை வெளியேறியது. 1990இல் சான்று நின்றது. இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். 1998 மே 28 அன்று பாகிஸ்தான் சாகாயில் அணுச்சோதனை நடத்தியது, மறுபடியும் தடைகள். 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு மறுபடியும் தோளில் கை.

ஆக, டெனட் ஹோட்டலுக்குப் போனபோது எதிரே இருந்தவர் வெறுமனே கூட்டாளி இல்லை; கைவிட முடியாத கூட்டாளி. அதே 2003 மார்ச்சில்தான் செப்டெம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி காலித் ஷேக் முகமட் ராவல்பிண்டியில் பிடிபட்டிருந்தார். கானோ சாதாரண அதிகாரி இல்லை. நாட்டின் அதியுயர் சிவிலியன் விருதான நிஷான்-இ-இம்தியாஸை இரண்டு தடவை வாங்கிய தேசிய வீரர். அவரைத் தொட்டால் தெருவில் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

புறக்கோட்டைக் கண்ணால்

வலையமைப்பு எப்படி ஓடியது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது, டுபாயிலிருந்து மின்சாதனங்கள் இறக்கி நீண்ட காலம் புறக்கோட்டையில் வியாபாரம் செய்த நானா ஒருவர். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "நானா, டுபாய்க் கொம்பனி ஒண்டு மலேசியாவில சாமான் செய்விச்சு, டுபாய்க்கு எடுத்து, அங்கயிருந்து வேற நாட்டுக்கு ஏத்தினா ஆர் கேப்பினம்?"

சிரித்தார். "ஆரு தம்பி கேக்கிற? பில்லும் இன்வொய்ஸும் ஒத்துப்போனாச் சரி. ரீ-எக்ஸ்போர்ட் சாமானுக்கு டியூட்டி இல்ல. டியூட்டி இல்லாத சாமானில கஸ்டம்ஸுக்கு என்ன அக்கறை?"

2004 பெப்ரவரி 20 அன்று மலேசியப் பொலிஸ் வெளியிட்ட அறிக்கையை இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். பெரும்பகுதி தாஹிர் பொலிஸாருக்குச் சொன்னது. நீதிமன்றத்தில் உரசிப் பார்க்கப்படாத வாக்குமூலம் என்பதையும் மறக்கக்கூடாது. அதன்படி தொடர்பு தொடங்கியது கானின் ஆய்வுகூடத்துக்குக் குளிரூட்டி விற்கப் போனபோது. 1990களின் நடுவில், பாவித்த மையநீக்கிகள் இரண்டு கொள்கலன்களில் டுபாய் வழியாக ஈரானுக்குப் போயின. பெறுமதி சுமார் 30 லட்சம் டொலர். திர்ஹாம் நோட்டுகளாக, இரண்டு பெட்டிகளில் ஓர் ஈரானியர் கொண்டுவந்து கொடுத்தார். கான் டுபாய் வந்தால் தங்கும் வீட்டில் அந்தப் பணம் வைக்கப்பட்டது. 1997இல் இஸ்தான்புல்லில் லிபியர்களோடு சந்திப்பு. பிறகு மலேசியாவின் ஷா ஆலமில் ஸ்கோப் என்ற தொழிற்சாலைக்கு 1.3 கோடி ரிங்கிட் ஓடர். 2002 டிசெம்பருக்கும் 2003 ஓகஸ்டுக்கும் இடையில் நான்கு தடவையாகச் சாமான் டுபாய்க்குப் போனது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்று நினைத்துத்தான் செய்தோம் என்றது தொழிற்சாலை.

அதை நம்பலாமா? ஓரளவுக்கு நம்பலாம் என்பது என் எண்ணம். ஒரு பாகத்தைத் தனியாகக் கையில் எடுத்தால் அது கடைந்து வழித்த ஓர் அலுமினியக் குழாய், அவ்வளவுதான். முழு இயந்திரமும் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். மற்ற எல்லோரும் ஒரு துண்டைச் செய்து, பில் போட்டு, அடுத்தவருக்கு அனுப்பியவர்கள்.

நம்முடைய துறைமுகத்துக்கும் இந்தக் கதை அந்நியமில்லை. கொழும்பில் இறங்கி ஏறும் கொள்கலன்களில் பெரும்பங்கு இலங்கைக்குள் வராத பெட்டிகள். ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறுபவை. கதிர்வீச்சை உணரும் வாயில்கள் இங்கேயும் அமெரிக்க உதவியோடு பின்னர் பொருத்தப்பட்டன. நல்லதுதான். ஆனால் ஷா ஆலமிலிருந்து போன சாமான் அந்த வாயிலால் நாள் முழுக்கப் போய்வந்தாலும் மணி அடிக்காது. அலுமினியக் குழாயில் கதிர்வீச்சு ஏது?

உள்ளே இருந்த ஆள்

ஸ்கோப்பில் ஆலோசகராக இருந்தவர் சுவிஸ் பொறியியலாளர் ஊர்ஸ் டின்னர். தகப்பன் ஃபிரெட்ரிக் கானுக்குப் பழைய ஆள், தம்பி மார்க்கோவும் தொழிலில். 2002இல் டின்னரை அங்கே கொண்டுவந்தது தாஹிர். வேலை கொடுத்தவருக்குத் தெரியாத விஷயம், டின்னர் சிஐஏக்கும் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது. 2003 ஒக்டோபரில் தொழிற்சாலையை விட்டுப் போகும்போது தான் பாவித்த கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு, தொழில் இரகசியம் என்று சொல்லி வரைபடங்களையும் வாங்கிக்கொண்டு போனார். தாஹிரும் டின்னரும் நேருக்கு நேர் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் காட்சி எங்கும் பதிவில் இல்லை. உண்மையான காட்டிக்கொடுப்பில், காட்டிக்கொடுத்தவர் அடுத்த மாதமே வேறு நாட்டில் இருப்பார்.

அந்த ஒக்டோபர் முதல் வாரத்தில்தான் பிபிசி சைனா என்ற ஜேர்மன் கொம்பனிக் கப்பல் டுபாயிலிருந்து சுயெஸ் கால்வாய் வழியாக லிபியா நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடு இத்தாலியின் தரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பினார்கள். ஐந்து கொள்கலன்கள் இறக்கப்பட்டன, உள்ளே மரப்பெட்டிகளில் மையநீக்கிப் பாகங்கள். துப்பாக்கிச் சூடு இல்லை. அதே கப்பலில் இருந்த இன்னொரு கொள்கலன் கண்ணில் படாமல் தப்பி, 2004 மார்ச்சில் லிபியாவுக்கே போய்ச் சேர்ந்தது. லிபியர்கள்தான் அதையும் சொன்னார்கள். உலகின் மிகப் பெரிய உளவு வெற்றிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் வேலையில் ஒரு பெட்டி விடுபட்டது, துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வாஃப் கிளார்க் வேலை செய்த யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது.

திகதிகளைக் கவனியுங்கள். டெனட் முஷாரப்பைச் சந்தித்தது செப்டெம்பர் கடைசியில். கப்பல் மடக்கப்பட்டது ஒக்டோபரில். அதாவது, கையில் இருக்கக்கூடிய மிகப் பலமான சாட்சி வருவதற்கு முன்னரே அவர் போய்விட்டார். முஷாரப் பக்கத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு டுபாய்க்குப் போயிருந்தால் சரக்கு கடலில் மறைந்திருக்கும். போகாது என்று எண்ணினாரா, போனாலும் பரவாயில்லை என்று எண்ணினாரா? முதலாவதுதான் என்று ஊகிக்கிறேன். காரணம் அந்தக் கதிரை. உன்னுடைய பொருள் களவு போய்விட்டது என்று கேள்விப்படுகிறவர் கள்வனுக்கு எச்சரிக்கை அனுப்புவதில்லை. அனுப்பினால் அவர் யாரென்பது வெளித்துவிடும்.

யாருடைய பொருள்?

கதிரையின் விலை இனி. மேசையில் இருந்த பி-1 வரைபடம் பாகிஸ்தானின் சொத்தே இல்லை. அது டச்சு வடிவமைப்பு. பாகிஸ்தானின் அடுத்த மாதிரியான பி-2, ஜேர்மன் ஜி-2. களவெடுத்ததை வைத்திருந்தவரிடம் போய், உங்கள் பொருளைக் களவெடுத்துவிட்டார்கள் என்று அனுதாபம் சொன்ன சந்திப்பு இது. உண்மையான சொந்தக்காரரான யுரென்கோ அந்த அறையில் எங்கும் இல்லை. சிஐஏக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே அந்த வழியை எடுத்தது கெட்டித்தனம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவரைப் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்றுக்கொண்ட பிறகு அவரிடம் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. முஷாரப் 2001 மார்ச்சிலேயே கானை ஆய்வுகூடத் தலைமையிலிருந்து நீக்கியிருந்தார். அப்படியென்றால் அப்போதே என்ன தெரிந்திருந்தது? பாவித்த மையநீக்கிகள் கொள்கலன் கணக்கில் நாட்டை விட்டு வெளியேற ஒரு விஞ்ஞானியின் கையொப்பம் மட்டும் போதுமா? இவற்றைக் கேட்கும் உரிமையை அமெரிக்கா அந்த அறையிலேயே விட்டுக்கொடுத்தது.

மற்றது எல்லாம் வேகமாக நடந்தது. 2003 டிசெம்பர் 19 அன்று லிபியா தன் அணுவாயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. மார்ச்சிலிருந்தே பிரித்தானிய, அமெரிக்க உளவுத்துறைகளோடு பேசிக்கொண்டிருந்தது. குண்டின் வடிவமைப்புத் தாள்களை லிபியர்கள் இஸ்லாமாபாத் தையற்கடை ஒன்றின் பிளாஸ்ரிக் பைகளில் வைத்துக் கொடுத்தார்கள். 2004 பெப்ரவரி 4 அன்று கான் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் தோன்றி, முழுப் பொறுப்பும் தன்னுடையது என்றார். உருதுவில் இல்லை, ஆங்கிலத்தில். மன்னிப்பு யாருக்காக ஒத்திகை பார்க்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அடுத்த நாள் முஷாரப் மன்னித்தார், அமெரிக்கா எதிர்க்கவில்லை. பின்னாளில் கான் தன் வாக்குமூலத்தை மறுத்து, வடகொரியாவுக்குப் போன சரக்கை இராணுவமே மேற்பார்வை செய்தது என்றார். 2009இல் வீட்டுக்காவல் நீங்கியது. 2021 ஒக்டோபரில் இறந்தார்.

தாஹிரை மலேசியா 2004 மேயில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்து வைத்து, 2008இல் விட்டது. வழக்கு இல்லை. டின்னர் குடும்பத்தின் கோப்புகளைச் சுவிஸ் அரசே அழித்தது. 2012இல் அவர்களுக்குக் கிடைத்த தண்டனை ஏற்கெனவே சிறையில் கழித்த காலத்தோடு சரிக்கட்டப்பட்டது. எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் யாருக்கோ வேண்டப்பட்டவர்கள்.

லிபியாவை வைத்துப் பார்த்தால் இந்த எதிர்கொள்ளல் வெற்றி. ஈரானை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. பி-1 வடிவமைப்பு 1987இலேயே அங்கே போய்விட்டது. ஈரானின் நடான்ஸ் ஆலையில் பின்னர் ஆயிரக்கணக்கில் நிறுவப்பட்ட ஐஆர்-1 மையநீக்கி அதன் வாரிசுதான். ஈரானுக்கு எது எப்போது எவ்வளவு போனது என்று அறிய சர்வதேச அணுசக்தி முகவரகத்துக்குத் தேவைப்பட்ட ஆள் கான். நேரில் விசாரிக்கப் பாகிஸ்தான் அனுமதிக்கவில்லை. ஈரானிய இயந்திரங்களில் செறிவு கூடிய யுரேனியத் துகள்கள் எப்படி வந்தன என்ற சந்தேகத்தைத் தீர்க்க, 2005இல் பாகிஸ்தான் தன்னிடமிருந்த மையநீக்கிப் பாகங்கள் சிலவற்றைப் பரிசோதனைக்கு அனுப்பி வைத்தது. துகள்கள் அந்தப் பாகங்களில் இருந்தவற்றோடு பெரும்பாலும் ஒத்துப்போயின.